அப்பா உயில் எழுத விரும்புகிறார்: நஞ்சை நிலம், டவுன் வீடு, மூன்று பிள்ளைகள்

கேள்வி: அரசலாறு

அப்பாவுக்கு 76 வயது. நினைவு தெளிவாக இருக்கிறது, கை மட்டும் நடுங்கும், கையெழுத்து பழையபடி வருவதில்லை. அம்மாவுக்கு 70. பிள்ளைகள் மூவர்: அக்கா (1991இல் திருமணம், கோவை), அண்ணன் (சிங்கப்பூர்), நான் (பெற்றோருடன் இருக்கிறேன்). இந்துக் குடும்பம். சொத்து விவரம்:

1. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் 6 மா நஞ்சை. 1984இல் அப்பாவும் பெரியப்பாவும் பதிவு செய்த பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு விழுந்தது.
2. டவுனில் 2,400 சதுர அடி மனை. 1998இல் அப்பா பெயரில் கிரயம். கீழ்வீடு அப்பா கட்டியது. மாடி 2015இல் என் வங்கிக் கடனில் கட்டியது.
3. வங்கி டெபாசிட். நாமினி அம்மா.
4. லாக்கரில் 45 பவுன். பெரும்பாலும் அம்மாவின் கல்யாண நகை.

கீழ்வீடு அம்மா காலம் வரை அம்மாவுக்கு, பிறகு எனக்கு, மாடி எனக்கு, நிலம் அண்ணனுக்கு, டெபாசிட்டும் நகையும் அக்காவுக்கு. இதுதான் அப்பாவின் விருப்பம். நான் ஒரு வரைவு டைப் செய்து வைத்திருக்கிறேன். அப்பா அதில் கையெழுத்திட்டுப் பதிவு செய்துவிட்டால் போதுமா? பிற்பாடு யாரும் வழக்குப் போடாதபடி எப்படி எழுதுவது?

பதில் 1: மாயவரம்_சிவில்

அந்த வரைவை முதலில் ஓரமாக வையுங்கள். உயிலால் அதிகம் பெறுகிறவரே அதை எழுதி, சாட்சியும் பிடித்து, சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அழைத்துப் போனார் என்று தெரிந்தால் கோர்ட் அதைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது: சந்தேகம் எழுந்தால் அதைத் தீர்க்கும் பொறுப்பு, உயிலை நீட்டி உரிமை கேட்பவருடையது. நடுங்கிய கையெழுத்து, கூடவே இருக்கும் மகனுக்கு வீடு, மகனே தயாரித்த வரைவு. இந்த மூன்றையும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே பத்தியில் எழுதுவார். அப்பாவே ஒரு வக்கீலையோ பத்திர எழுத்தரையோ பார்த்துத் தன் வாயால் சொல்லட்டும். கட்டணமும் அவர் கணக்கிலிருந்தே போகட்டும். நீங்கள் அந்த அறைக்குள் இருக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய சங்கதி நிலம். ஒருவர் தனக்கு உரியதை மட்டுமே உயிலில் எழுத முடியும். 1984 பாகப்பத்திரத்தை எடுத்து, சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் முதல் பத்தியைப் படியுங்கள். தாத்தாவுக்கு அந்த நிலம் எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

தாத்தா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது, 1956 ஜூன் 17க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்தார் என்றால், அது இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 8 வழியாக அப்பாவுக்கு வந்தது. அவர் கையில் அது தனிச்சொத்து. 1986இல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. முழு 6 மாவையும் விரும்பியவருக்கு எழுதலாம். ஆனால் அப்படியானால் தாத்தா இறந்தபோது உயிரோடு இருந்த பாட்டிக்கும் அத்தைகளுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். அவர்கள் 1984 பத்திரத்தில் கையெழுத்திட்டார்களா, விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கொடுத்தார்களா என்று பாருங்கள். நீங்கள் "அப்பாவும் பெரியப்பாவும்" என்று மட்டும் எழுதியிருப்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

தாத்தாவுக்கு அவருடைய அப்பா வழியில் இறங்கிய நிலம் என்றால் பூர்வீகம். 1984 பிரிவினை அண்ணன் தம்பி இருவர் கிளைகளைத்தான் பிரித்தது. அப்பாவின் கிளைக்குள் பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை இருக்கிறது. அக்காவுக்கும் உண்டு: 1989 மார்ச் 25 அன்று அவர் திருமணமாகாதவர், ஆகவே, அன்று திருமணமாகாத மகள்களுக்கு மகனுக்குச் சமமாகப் பங்கு கொடுத்த தமிழ்நாட்டுத் திருத்தப்படியே அவர் பங்குதாரர். 2005 மத்தியத் திருத்தமும், 2020இல் வினீதா சர்மா தீர்ப்பும் அதை இன்னும் உறுதியாக்கிவிட்டன. தென்னிந்திய வழக்கப்படி தகப்பனும் பிள்ளைகளும் பிரித்துக்கொள்ளும்போது மனைவிக்குத் தனிப்பங்கு கிடையாது. ஆகக் கணக்கு நான்கு பங்கு: அப்பா, அக்கா, அண்ணன், நீங்கள். 6 மா என்பது சுமார் 198 சென்ட். அப்பா உயிலில் எழுத முடிவது கால் பங்கு, அதாவது ஒன்றரை மா, சுமார் 49.5 சென்ட். "நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு" என்று எழுதினால் மீதி நாலரை மாவுக்கு அந்த வரி செல்லாது.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: தாத்தா தன் சுயார்ஜிதச் சொத்தை (தானே சம்பாதித்ததை) மகன்களுக்கு உயிலாகவோ செட்டில்மெண்டாகவோ (உயிரோடு இருக்கும்போதே உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிவைத்து, அதையே அவர்கள் பின்னால் பிரித்திருக்கலாம். அப்போது அந்தப் பத்திரத்தின் வாசகம்தான் பேசும். 1953இல் அருணாசல முதலியார் வழக்கின்படி, மகன் தன் குடும்பத்துக்காகப் பெறுகிறான் என்று தகப்பன் எழுதியிருந்தால் ஒழிய அது மகனின் தனிச்சொத்து.

டவுன் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை, கிரயத்தொகை பூர்வீக நிலத்தை விற்ற பணம் என்று யாரும் காட்டாதவரை. 1998க்கு முன்னால் பூர்வீகத்தில் ஏதாவது விற்றீர்களா? விற்கவில்லை என்றால், தன் சம்பளத்திலிருந்து, இன்ன கடனில் வாங்கினேன் என்று உயிலில் ஒரு வரி இருக்கட்டும்.

பதில் 2: பத்திரநடை

சட்டத்தை மேலே சொல்லிவிட்டார். எழுதும் விதத்தைச் சொல்கிறேன்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் வீட்டு நிலையில் பதிவு செய்யுங்கள். அசல் தொலைந்தாலும் பதிவு அலுவலகத்தில் உயில்களைப் பதியும் 3ஆம் புத்தகத்திலிருந்து நகல் கிடைக்கும், தேதியை யாரும் மாற்ற முடியாது. அப்பா உயிரோடு இருக்கும்வரை அந்த நகலை அவரோ அவருடைய முகவரோ மட்டுமே வாங்க முடியும். உயில் வில்லங்கச் சான்றில் வராது, ஆகவே பதிவு எண்ணும் அலுவலகப் பெயரும் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடக்க முடியாத நிலை என்றால் பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

பதிவு செய்ததாலேயே உயில் நிரூபணமாகிவிடாது. பலர் இடறி விழும் இடம் இது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 63 கேட்பது: எழுதியவர் கையெழுத்திட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள், ஒவ்வொருவரும் அவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன் கையெழுத்துதான் என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு சாட்சியும் அவர் கண்முன்னே கையெழுத்திட வேண்டும். பிறகு வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி இந்த இரு பாதியையும் சொல்ல வேண்டும். "பெரியவர் கையெழுத்துப் போட்டார், நான் பார்த்தேன்" என்று மட்டும் சொல்லி, "நான் போட்டதை அவரும் பார்த்தார்" என்ற பாதியை விட்டதால் விழுந்த உயில்கள் உண்டு. ஆகவே சாட்சிக் கையெழுத்துக்கு மேலே இந்த வாசகம் இருக்கட்டும்:

"மேற்படி உயில் எழுதியவர், உயிலைப் படித்துக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு, எங்கள் இருவர் முன்னிலையில் கையொப்பமிட்டார். நாங்களும் அவர் முன்னிலையில், அவர் பார்க்க, சாட்சிக் கையொப்பமிட்டோம்."

சாட்சிகள் அப்பாவைவிட இருபது வயதாவது இளையவர்களாக, உள்ளூரிலேயே இருப்பவர்களாக, உயிலில் ஒரு காசும் பெறாதவர்களாக இருக்கட்டும். மருமகன், மருமகள், பேரன் வேண்டாம். அப்பாவைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் ஒரு சாட்சியாக வந்தால் மிக நல்லது. வர முடியாவிட்டால், "இன்ன தேதியில் பரிசோதித்தேன், தெளிந்த மனநிலையில் இருக்கிறார், நடுக்கம் கையில் மட்டுமே" என்று அதே நாள் தேதியிட்ட சான்று வாங்குங்கள். பதிவு அலுவலகத்தில் அடையாளம் காட்ட வருகிறவர்கள் வேறு, உயிலின் சாட்சிகள் வேறு. இரண்டுக்கும் அதே இரண்டு பேர் இருந்தால் பின்னால் குழப்பம் வராது.

நடுக்கத்துக்குக் கையெழுத்தோடு இடது பெருவிரல் ரேகையும் ஒவ்வொரு பக்கத்திலும் வைக்கச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் கூடாது. கையெழுத்தான பிறகு ஒரு எண்ணை மாற்றினாலும், அந்த இடத்தில் அப்பாவும் சாட்சிகளும் மறுபடி கையெழுத்திட்டால்தான் அது செல்லும். அதற்குப் பதில் புதிதாக அடித்துக்கொள்வதே மேல்.

சொத்து விவரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். "டவுனில் உள்ள என் வீடு" என்று எழுதினால் சண்டைக்கு விதை போட்டது மாதிரி. வட்டம், வார்டு, டவுன் சர்வே எண், கதவு எண், 1998 கிரயப் பத்திர எண், நான்கெல்லை, பிறகு அளவு: கிழமேல் வடபுறம் இத்தனை அடி, தென்புறம் இத்தனை, தென்வடல் கீழ்புறம் இத்தனை, மேல்புறம் இத்தனை. நாலு பக்கமும் தனித்தனியாக, ஏனென்றால் பல மனைகள் நேர் சதுரமாக இருப்பதில்லை. நிலத்துக்கு சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், ஹெக்டேர்-ஏர் அளவு. மா, குழி மட்டும் எழுதினால் தாலுகா அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்கள். 6 மா என்பது பட்டாவில் சுமார் 80 ஏர் என்று இருக்கும். பட்டாவில் உள்ள எண்ணை அப்படியே போடுங்கள், நீங்களாகப் பெருக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று: மனையின் மூலப்பத்திரத்தில் "அடிமனை கோயிலுக்குப் பாத்தியம்" என்று வாசகம் இருக்கிறதா? கும்பகோணத்தில் இது சாதாரணம். இருந்தால் கட்டடத்தைத்தான் எழுத முடியும், மனையை முடியாது.

அரசலாறு

இருவருக்கும் நன்றி. பத்திரத்தைப் பார்த்தேன். அடிமனை வாசகம் இல்லை, முழு கிரயம். பூர்வீகத்தில் எதுவும் விற்கவில்லை, வீட்டுக் கடன் ஆவணம் இருக்கிறது. நிலம் கொள்ளுத்தாத்தா காலத்தது என்று 1984 பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் அண்ணனுக்கு முழுதும் எழுத முடியாது. அக்கா, "உயில்படி எனக்கு வருவது வரட்டும், நிலத்துக்குப் பிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார். அதை நம்பி உயில் எழுதிவிடலாமா? மாடி நான் கட்டியதுதானே, அதை ஏன் உயிலில் எழுத வேண்டும் என்றும் ஒரு சந்தேகம்.

பதில் 3: மாயவரம்_சிவில்

"பிறகு போடுகிறேன்" என்பதை வைத்து உயில் எழுத வேண்டாம். அக்காவின் மனம் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு முன் அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அவருடைய வாரிசுகள். நிலத்தை உயிலிலிருந்தே வெளியே எடுத்து, அப்பா இருக்கும்போதே தனியாக முடித்துவிடுங்கள். இரண்டு வழி. நால்வரும் சேர்ந்து பாகப்பிரிவினை செய்து, நிலத்தை அண்ணனுக்கு ஒதுக்கி, மற்றவர்களுக்கு அதற்கு ஈடாகத் தொகை பெற்றதாக எழுதுவது. அல்லது அக்காவும் நீங்களும் அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் கொடுத்து, அப்பா தன் கால் பங்கைச் செட்டில்மெண்ட் செய்வது. குடும்பத்தாருக்குள் என்றால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை 10 முதல் உச்சவரம்பு முறையே 40,000 ரூபாயும் 10,000 ரூபாயும். பாகப்பிரிவினையில் இந்த உச்சவரம்பு ஒவ்வொரு பங்குக்கும் தனி.

அண்ணன் நேரில் வர முடியாவிட்டால் பொது அதிகாரப் பத்திரம் சிங்கப்பூரில் இந்திய ஹை கமிஷனில் கையெழுத்தாகி வரட்டும். இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். அந்தக் கெடு தவறித்தான் பல பத்திரங்கள் நிற்கின்றன. அந்த அதிகாரத்தை உங்கள் பெயரில் வாங்காதீர்கள், வேறு உறவினர் இருக்கட்டும்.

செட்டில்மெண்ட் என்றதும் வீட்டையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். நான் கூடாது என்பேன். செட்டில்மெண்ட் பதிவானதும் உரிமை கைமாறிவிடும், அப்பா தானாக ரத்து செய்ய முடியாது. மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23ஐ நம்புவதானால் பராமரிப்பு நிபந்தனை பத்திரத்திலேயே இருக்க வேண்டும். உயிலோ, அவர் கண்மூடும் வரை எத்தனை முறையும் மாற்றலாம். குடியிருக்கும் வீட்டுக்கு உயில்தான் பெற்றோருக்குப் பாதுகாப்பு.

மாடி: மனை யாருடையதோ, அதன் மேல் நிற்கும் கட்டடமும் அவருடையது என்றுதான் பத்திரம் பேசும். உங்கள் கடன் ஆவணங்கள் பணம் போட்டதற்குச் சாட்சி, உரிமைக்கு அல்ல. அதனால் உயிலில் எழுதியே ஆக வேண்டும். "மாடி என் இளைய மகன் தன் வங்கிக் கடனில், என் சம்மதத்தோடு 2015இல் கட்டியது" என்று அப்பாவே ஒப்புக்கொள்ளும் வாசகம் இருந்தால், அண்ணன் அக்காவைவிட உங்களுக்கு அதிகம் போவதற்கான காரணமும் அதிலேயே வந்துவிடும். காரணம் சொல்லாமல் பங்கைக் கூட்டிக் குறைப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

அம்மாவின் ஆயுள் உரிமை வாசகத்தில் மிகுந்த கவனம் வேண்டும். "என் மனைவி சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, அவளுக்குப் பின் இளைய மகனுக்கு" என்று இரண்டையும் சேர்த்து எழுதுவார்கள். முதல் பாதி முழு உரிமை கொடுத்துவிட்டதால் இரண்டாம் பாதி அடிபடலாம். "ஜீவனாம்சத்துக்காக" என்ற சொல்லும் வேண்டாம். 1977 துளசம்மா தீர்ப்புப்படி, ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த வரையறுத்த உரிமை இந்து வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 14(1)இல் முழு உரிமையாக மாறிவிடும். "ஆயுட்காலம் வரை குடியிருந்தும் வாடகை பெற்றும் அனுபவிக்கும் உரிமை மட்டும், விற்கவோ அடமானம் வைக்கவோ உயில் எழுதவோ உரிமை இல்லை" என்று இருக்கட்டும். வீட்டுவரியும் பழுதுச்செலவும் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். அதே சமயம், இப்படிக் கட்டிப்போடுவது அம்மாவுக்குச் சம்மதமா என்று அப்பா அவரிடம் கேட்க வேண்டும். பணம் முழுதும் அக்காவுக்கு, வீடு மகனுக்கு என்றால் அம்மா கையில் என்ன இருக்கும்? டெபாசிட்டில் ஒரு பகுதியை அம்மாவுக்கே முழு உரிமையாக எழுதுவது நியாயம்.

நகையை உயிலிலிருந்து எடுத்துவிடுங்கள். கல்யாணத்தில் அம்மாவுக்குப் போட்டது அம்மாவின் ஸ்ரீதனம், அதாவது அவருக்கே உரிய சொத்து. அதை எழுத அப்பாவுக்கு உரிமையில்லை. அம்மா தனி உயில் எழுதட்டும். இருவரும் சேர்ந்து ஒரே கூட்டு உயில் எழுதுவதும் வேண்டாம். ஒருவர் காலமான பிறகு மற்றவர் மாற்ற முடியுமா என்பதே தனி வழக்காகிவிடும்.

டெபாசிட்டுக்கு நாமினி அம்மா. வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுக்கும், ஆனால் அவர் உரிமையாளர் அல்ல, உயில்படி சேர வேண்டியவர்களுக்குக் கொடுக்க வேண்டியவர். உயிலும் நாமினேஷனும் வேறு வேறு திசை காட்டினால் தாய்க்கும் மகளுக்கும் நடுவே மனக்கசப்பு. முடிந்தவரை இரண்டையும் ஒத்துப்போகச் செய்யுங்கள்.

பதில் 4: பத்திரநடை

மாடியும் கீழும் வெவ்வேறு கைக்குப் போகும் காலம் இருப்பதால் இவற்றையும் சேர்க்கவும்: பிரிபடாத மனை பாகம் மாடிக்கு எவ்வளவு, கீழுக்கு எவ்வளவு (1,200 சதுர அடி வீதம் என்றால் அப்படியே எழுதவும்), மாடிப்படி, போர், சம்ப், வண்டி நிறுத்தும் இடம், மொட்டைமாடியில் மேலே கட்டும் உரிமை. கடைசியில் எல்லாம் உங்களுக்கே வருகிறது என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் அம்மாவுக்கு முன் காலமானால் உங்கள் மனைவி மக்களுக்கு அது வேண்டும். யார் முன்னே போனால் யாருக்கு என்ற மாற்றுவரி ஒவ்வொரு பங்குக்கும் கண்டிப்பாக வேண்டும்.

அப்பா பின்னால் வீட்டை விற்றுவிட்டால் உயிலின் அந்தப் பத்தி செத்துவிடும். "விற்றால் அந்தத் தொகையிலோ அதில் வாங்கிய சொத்திலோ" என்று ஒரு வரி. இதில் சொல்லாதவையும் இனி வாங்குவதும் யாருக்கு என்று ஒரு மிச்சப் பத்தி. முந்தைய உயில் ஏதும் இருந்தால் அதை ரத்து செய்வதாக இன்னொரு வரி. உயிலை நிறைவேற்றுபவராக சாட்சியல்லாத, பங்கு பெறாத ஒருவர் பெயர். தாய்மாமன் மாதிரி எல்லோரும் மதிக்கும் ஆள் இருந்தால் நல்லது.

பதில் 5: தாலுகா_வழி

அப்பா காலத்துக்குப் பின் நடப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இறப்புச் சான்றோடு பதிவு அலுவலகத்தில் உயிலின் சான்றிட்ட நகல் வாங்க வேண்டும். அப்போது யார் கேட்டாலும் கொடுப்பார்கள். கும்பகோணத்துச் சொத்துக்கு இந்து உயிலை ப்ரோபேட் செய்ய (கோர்ட்டில் உயிலை மெய்ப்பித்துச் சான்று பெற) வேண்டிய கட்டாயம் இல்லை. வாரிசுச் சான்றும் எடுங்கள். உயில் இருக்கிறதே என்று விட்டுவிடுவார்கள், ஆனால் பெயர் மாற்றத்துக்குப் போனால் மற்ற வாரிசுகள் யார் என்று கேட்பார்கள். அண்ணனும் அக்காவும் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுத்தால் வேலை சுலபம். ஒருவர் ஆட்சேபித்தால் தாசில்தார் உயிலின் உண்மையை விசாரிக்க மாட்டார், சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார். அப்போதுதான் பதில் 2இல் சொன்ன சாட்சி ஊரில் இருக்கிறாரா என்று தேடும் நிலை வரும்.

டவுன் மனைக்குப் பட்டா, மாநகராட்சியில் வீட்டுவரி, குடிநீர், மின் இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி மனு. நிலத்தைப் பாகப்பிரிவினை செய்யும்போது போர்செட் இருந்தால், அந்த விவசாய மின் இணைப்பு யார் பெயருக்கு, வாய்க்காலிலிருந்து தண்ணீர் எந்த வயல் வழியாக, டிராக்டர் போக எத்தனை அடி வண்டிப்பாதை என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். உங்கள் வழக்கில் முழு 6 மாவும் ஒருவருக்கே போனால் சர்வேயர் வேலை இல்லை. துண்டாகப் பிரித்தால் கையெழுத்துக்கு முன்பே அளந்து கல் நட்டு, உட்பிரிவு வரைபடத்தை ஒட்டி எழுதுங்கள். பத்திரம் முதலில், அளவை பிறகு என்று போனவர்களுக்குத்தான் வரப்பில் இரண்டு மூன்று சென்ட் உதைக்கிறது.

அரசலாறு

நிலத்துக்குப் பாகப்பிரிவினை முதலில், வீட்டுக்கும் டெபாசிட்டுக்கும் அப்பா தனியாக வக்கீலிடம் சொல்லி உயில், நகைக்கு அம்மாவின் உயில் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரே நாளில் பாகப்பத்திரமும் உயிலும் பதிவு செய்யலாமா?

பதில் 6: மாயவரம்_சிவில்

தடையில்லை, ஆனால் செய்ய வேண்டாம். பாகப்பிரிவினைக்கு நீங்கள் மூவரும் அங்கே இருப்பீர்கள். உயில் நாளன்று அப்பா, இரண்டு சாட்சிகள், வக்கீல் மட்டும் இருக்க வேண்டும். பாகப்பத்திரம் பதிவாகி எண் கிடைத்ததும், நிலம் ஏற்கெனவே பிரிக்கப்பட்டது என்று அந்த எண்ணைக் குறிப்பிட்டு உயில் எழுதட்டும். அண்ணனுக்கு உயிலில் ஏன் எதுவும் இல்லை என்ற கேள்விக்கு அந்த ஒரு வரியே பதிலாகிவிடும்.